ரிப்பன் யார் கையில் தின்னும்

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியும் பாம்பு எதையும் தின்னவில்லை.

மார்ச் மாதம் மினியாபொலிஸில் ஒரு சந்தையில் அதை வாங்கினேன். பாம்பு, பல்லி, ஆமை மட்டும் விற்கும் சந்தை. துணிப்பையில் போட்டு, பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, டுலூத் வரை இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினேன். சாலையோரம் இன்னும் பனி குவிந்திருந்தது. என் வயிற்றுப் பக்கம் அது மெதுவாக அசைந்துகொண்டே வந்தது. அப்படி ஒன்று எனக்கென்று அதுவரை இருந்ததில்லை.

ஒரு வயது நிறையாத பெண் கார்ட்டர் பாம்பு. பென்சில் பருமன். கறுப்பு உடம்பில் தலையிலிருந்து வால் வரை மூன்று மஞ்சள் கோடுகள். கோடையில் புல் வெட்டும்போது காலடியில் ஓடுவதும் இதே பாம்புதான், ஆனால் இது கண்ணாடிக்குள் பிறந்தது. கடித்தால் முள் கீறியது போல இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விற்றவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். பெரிய மண்புழு கொடுக்கலாம். உரத்தொட்டியில் வளர்க்கும் சிவப்புப் புழு கூடாது, அது நஞ்சு. தங்கமீன் கூடாது. தூண்டிலில் மாட்டுகிற பொடிமீன் கூடாது. வளர வளர எலிக்குஞ்சுக்குப் பழக்க வேண்டும். நான் ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எழுதியதை எழுதியபடி செய்வது எனக்கு வரும். தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பெட்ரோல் பங்க்கில், பால் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தூண்டில்காரர்களுக்காக அடுக்கியிருக்கும் மண்புழு டப்பா ஒன்று வாங்கினேன். ஒரு புழுவைக் கழுவி, இரண்டு அங்குலமாக நறுக்கி, இடுக்கியில் பிடித்துப் பாம்பின் முன்னால் ஆட்டினேன்.

அது தலையைத் திருப்பிக்கொண்டு மரப்பட்டைக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் விளக்கை அணைத்துவிட்டு வைத்தேன். தொட்டியின் சூட்டை இரண்டு டிகிரி கூட்டினேன். ஆறாம் நாள் கையில் எடுத்துப் பேசிப் பார்த்தேன். பயந்துபோய் என் சட்டைக் கையெல்லாம் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சியது. மூன்று முறை துவைத்தும் அந்த நாற்றம் போகவில்லை.

பதினோராம் நாள் ஹெல்மி வேலையிலிருந்து வந்தாள்.

ஹெல்மியும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், பார்க் பாயிண்டில், ஊரிலிருந்து, கப்பலுக்காக மேலே தூக்கும் பாலத்தைத் தாண்டி. ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல் துண்டு அது. அவள் வடகரையில் மீனைப் புகைபோட்டு விற்கும் கடையில் வேலை செய்கிறாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னும் உண்ணாவிரதமா?"

"இன்னும்."

"நீ அத ஏதோ பரீட்சை எழுத வைக்கிற மாதிரி பாக்குற மாரித். யாரா இருந்தாலும் பசி போயிடும். தள்ளு."

நான் தள்ளினேன். சொன்னால் தள்ளிவிடுவது என் பழக்கம். அவள் இடுக்கியை ஒதுக்கிவிட்டு விரலாலேயே புழுத் துண்டை எடுத்து உள்ளே நீட்டினாள். மரப்பட்டைக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. நாக்கு நாலைந்து முறை வேகமாக வந்து போனது. பிறகு நேராக அவள் விரலை நோக்கி வந்து புழுவைக் கவ்வி, பின்னால் இழுத்துக்கொண்டு போய் விழுங்கியது.

"பாத்தியா, எவ்ளோ சமத்து," என்றாள் ஹெல்மி. "இன்னொண்ணு குடு."

கொடுத்தேன். அதையும் தின்றது. பதினோரு நாள் பட்டினி கிடந்த உயிர் தின்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. மீதி முழுவதும் வேறொன்று. அடிவயிற்றில், அது கோட்டுக்குள் அசைந்த அதே இடத்தில், சூடாக ஏதோ இறங்கியது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் தீனி நாள். நான் முதலில் இடுக்கியோடு போவேன். பாம்பு தலையைத் திருப்பும். ஹெல்மி வந்து கொடுப்பாள். தின்னும்.

அதற்குப் பெயர் வைத்ததும் அவள்தான். நான் தொட்டியின் மேல் இனமும் பிறந்த மாதமும் எழுதி ஒட்டியிருந்தேன். அதன் மேலேயே அவள் பேனாவால் ரிப்பன் என்று எழுதினாள்.

"ரிப்பன் பாம்புங்கறது வேற இனம்," என்றேன். "அது இன்னும் ஒல்லியா இருக்கும். கண்ணுக்கு முன்னால வெள்ளைப் பொட்டு இருக்கும்."

"சரி டீச்சர். ஆனா இது ரிப்பன்தான்."

அவளுடைய கடைத் தோழிகள் பார்க்க வந்தார்கள். ரிப்பனுக்கு ஹெல்மியைத்தான் பிடிக்கும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு நான் அழைத்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் அவளுடைய நண்பர்களாகிவிடுவார்கள். நான் காப்பி போட அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் கதை ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு உட்கார இடம் இருக்காது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை. செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பாம்பு ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன். நாய் வாங்கியிருந்தால் முதல் நாளே அவள் பின்னால் போயிருக்கும். பாம்புக்கு அதெல்லாம் கிடையாது என்று நம்பினேன்.

மே முதல் வாரம் ஸ்மெல்ட் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரியிலிருந்து கரைக்கு வரும் விரல் நீள வெள்ளி மீன். எங்கள் தெருவில் அந்த வாரம் யார் வீட்டு வாசலிலும் ஈர வலையும் ரப்பர் கால்சட்டையும் காய்ந்துகொண்டிருக்கும். ஹெல்மியின் கடை ஆட்கள் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் கரையிலேயே வலை இழுத்தார்கள். பொழுது சாயும் நேரம். கட்டை எரிந்துகொண்டிருந்தது. ஆண்டின் முதல் ஸ்மெல்ட்டின் தலையைப் பச்சையாகக் கடித்துத் துப்ப வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கடை முதலாளி ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"மாரித், நீ கடிச்சதே இல்லியே. இந்த வருஷம் உன்னுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீன் அவர் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டப் போனேன், நிஜமாகவே. அதற்குள் நான் தயங்குவதாக நினைத்து, என்னைக் காப்பாற்றுவதற்காக, ஹெல்மி அதைப் பிடுங்கிக் கடித்துத் துப்பினாள். கரையே கைதட்டியது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

நான் குனிந்து வாளியிலிருந்த மீன்களை ரொட்டிப் பைகளில் நிரப்பத் தொடங்கினேன். பன்னிரண்டு பை. புதிய ஸ்மெல்ட் வெள்ளரிக்காய் போல மணக்கும். மறுநாள் மதியம் வரை என் கையில் அந்த வாசனை இருந்தது.

அந்தக் கையோடுதான் தொட்டியில் தண்ணீர் மாற்றப் போனேன்.

ரிப்பன் வெளியே வந்தது. நாக்கு படபடவென்று ஓடியது. என் கை இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம். பிறகு என் ஆள்காட்டி விரலை மெல்லக் கவ்வியது. வலிக்கவில்லை. விழுங்க முயன்று, முடியாமல் விட்டு, மறுபடி கவ்வியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் ஹெல்மி ஒன்றும் செய்யவில்லை. அவள் கையில் மீன் வாசனை, அவ்வளவுதான். பாம்பு வாசனையைத்தான் பிடித்தது. என் கையில் ஆய்வகச் சோப்பின் வாசனை. வாசனையை நாக்கால் பிடித்து வாழும் உயிர் அது, பட்டம் வாங்கிய எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

பையிலிருந்து ஒரு ஸ்மெல்ட்டை எடுத்துக் குறுக்கே நறுக்கி விரலில் பிடித்தேன். நீட்டி முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டது. மூன்று துண்டு தின்றது. என் கையில். கடைசித் துண்டு தொண்டையில் இறங்கி, கழுத்து வீங்கி, சரியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஹெல்மியிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தையே கவனித்தேன்.

"அது உன்ன தேடி வரல. உன் கைல இருக்கற மீன் வாசனைய தேடி வந்துச்சு. யார் கையா இருந்தாலும் வந்திருக்கும்."

"ஐயோ," என்றாள் ஹெல்மி. "ஒரு பாம்பாவது என் குணத்துக்காக என்ன விரும்புதுன்னு நெனச்சேன். கடைசில அதுவும் வயித்துக்குத்தானா." விழுந்து விழுந்து சிரித்தாள். "பரவால்லடி. இப்ப உன்கிட்ட சாப்பிடுதுல்ல? அத சொல்லு."

அவள் முகம் வாடவில்லை. அந்த வாட்டத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். கிடைக்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இனிமே நானே போடுறேன்," என்றேன். "ரெண்டு பேர் கை மாறினா அதுக்குக் குழப்பமாயிடும்."

அப்படி எதுவும் கிடையாது. நானே இட்டுக்கட்டினேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும் நான்?"

"வேணாம் ஹெல்மி."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி. உன் பாம்பு," என்றாள்.

அன்று படுப்பதற்கு முன் பாம்புக்குக் கொடுக்கக் கூடாத மீன்களின் பட்டியல் ஒன்றைக் கணினியில் தேடி எடுத்தேன். விற்றவர் தாளில் ஸ்மெல்ட் இல்லை. பட்டியலில் இருந்தது. சில மீன்களின் உடம்பில் ஒரு நொதி உண்டு. தின்பவரின் உடம்பிலிருக்கும் பி-ஒன் வைட்டமினை அது உடைத்துவிடும். அந்த மீனையே தொடர்ந்து தின்றால் பாம்புக்கு நடுக்கம் வரும், வலிப்பு வரும், சாகும். உறையவைத்தாலும் நொதி போகாது. அதே பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: எப்போதாவது ஒரு முறை கொடுத்தால் ஆபத்தில்லை. எனக்கு வேண்டியிருந்த வரி அது. கணினியை மூடினேன்.

ஒழுங்காகச் செய்ய வழி இருந்தது. ஸ்மெல்ட்டை மண்புழுவின் மேல் தேய்த்துக் கொடுக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிச் செய்தேன். புழுவைச் சுற்றி நாக்கை நீட்டிப் பார்த்தது, யோசித்தது, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹெல்மி சொன்னாள், "பாவம், நல்லா ஏமாத்தப் பாக்குற. நான் வேணா வரட்டா?"

நான் புழுவைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்மெல்ட்டையே கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டது. ஹெல்மி கைதட்டினாள்.

நொதியை வேகவைத்து அழிக்கலாம் என்பதும் தெரியும். வேகவைத்த மீனை முகர்ந்துவிட்டு ரிப்பன் திரும்பிக்கொண்டது. ஒரே முறைதான் முயன்றேன். பச்சை மீன் என்றால் தொட்டி மூடியைத் திறக்கும் சத்தத்துக்கே ஓடிவரும். என் நிழல் விழுந்தாலே தலை தூக்கும். மே போனது, ஜூன் போனது. எப்போதாவது என்று எழுதியிருந்ததை வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன். அடுத்த வாரம் மாற்றலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். அது பளபளவென்று வளர்ந்தது. ஒரு முறை முழுத் தோலைக் காலுறை போல உரித்தது. அந்தத் தோலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மேசையில் மாட்டிவைத்தேன். வீட்டில் வைத்தால் ஹெல்மியின் தோழிகள் அவளிடம்தான் கேட்பார்கள்.

ஜூலை நடுவில் ஒரு நாள் கொடுத்த துண்டைக் கவ்வ வந்து, குறி தவறி, என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் காற்றைக் கவ்வியது. சிரித்துக்கொண்டேன். அடுத்த முறையும் தவறியது. தலையைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தோல் உரிக்கப் போகிறது, கண் மங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை மதியம் ஏரிக்கரைத் தண்ணீர் மாதிரிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஹெல்மி கூப்பிட்டாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

"மாரித், ரிப்பன் முறுக்கிக்குது. கயிறு மாதிரி முறுக்கிக்குது. மல்லாக்க விழுந்தா திரும்ப வரல."

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பாம்பை ஈரத்துண்டோடு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே ரிப்பனின் உடம்பு அலை அலையாக நடுங்கியது. வாய் திறந்திருந்தது. வயிற்றின் வெளிறிய பக்கம் மேலே தெரிந்தது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரே டாக்டர் பாலத்தைத் தாண்டி ஊருக்குள், மலைமேல் இருந்தார்.

பாலம் தூக்கியிருந்தது.

இரும்புத்தாது ஏற்ற வரும் நீளமான கப்பல் வாய்க்காலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். இங்கே குடியிருந்தால் இது பழகிப்போகும், பாலம் தூக்கிடுச்சு என்றால் யாரும் மேலே காரணம் கேட்க மாட்டார்கள். வண்டியை அணைத்தேன். ஹெல்மி மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

"என்ன?"

"நான்தான் கெடுத்துட்டேன். முந்தாநாள் நீ வேலைக்குப் போனப்ப கடையிலேருந்து ஒரு துண்டு மீன் கொண்டுவந்து குடுத்தேன். புகைபோட்டது. உப்பு போட்டிருக்கும்ல. நீ வேணாம்னு சொன்னே. எனக்கு ஆசையா இருந்துச்சு. ரொம்ப நாளாச்சுல்ல."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். ஒரு துண்டு புகைமீன் இதைச் செய்யாது என்று எனக்குத் தெரியும். இது பன்னிரண்டு வார வேலை. அதைச் சொல்ல வாய் திறந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"தின்னுச்சா?"

"என்ன?"

"நீ குடுத்தப்ப. தின்னுச்சா?"

"உடனே," என்றாள் ஹெல்மி, அழுகைக்கு நடுவில். "குறி தவறுச்சு மொதல்ல. அப்புறம் கைல ஏறி வந்து தின்னுச்சு."

கையில் ஏறி வந்து. என் கையில் அது ஒருநாளும் ஏறியதில்லை. கப்பல் ஊதியது, பாலம் பதில் ஊதியது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது, அதனால் நான் பேசவில்லை. சத்தம் நின்ற பிறகும் பேசவில்லை. அவள் அழட்டும் என்றிருந்தது. ஒரு முறையாவது அவள் செய்த ஒன்று தப்பாகப் போனது என்று இருக்கட்டும் என்றிருந்தது. டப்பாவுக்குள் சின்ன உடம்பு பிளாஸ்டிக்கில் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினேழு நிமிடம். பாலம் இறங்கியது.

டாக்டர் லுண்ட் ஐம்பது வயதிருக்கும் பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். ரிப்பனை ஒரு துணியில் வாங்கி, தலையைப் பிடித்து, வாயைப் பார்த்தார். மேசையில் மல்லாக்க வைத்தார். அது புரண்டு திரும்ப முயன்று, முடியாமல், திருகிக்கொண்டது.

"எத்தன நாளா இப்பிடி?"

"இன்னைக்குத்தான்," என்றாள் ஹெல்மி.

"ரெண்டு வாரமா குறி தவறுது," என்றேன். ஹெல்மி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கயாவது விழுந்துச்சா? வீட்ல பூச்சி மருந்து அடிச்சீங்களா?"

"இல்ல."

"என்ன சாப்பிடுது? அத சரியா சொல்லுங்க. ஊசி அதப் பொறுத்துத்தான் போடணும்."

"டாக்டர், நான் புகைபோட்ட மீன் குடுத்துட்டேன்," என்றாள் ஹெல்மி. "இவளுக்குத் தெரியாது. இவ எல்லாத்தயும் படிச்சுப் பாத்துத்தான் செய்வா. தப்பு என்னோடது."

"எவ்ளோ?"

"விரல் நுனி அளவு. ஒரே தடவ."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "உப்பு நல்லதில்லதான். ஆனா அது இப்பிடிப் பண்ணாதே." சுவரோரம் இருந்த அலமாரியைத் திறந்தார். "தலைல அடிபட்டிருக்கலாம். இல்ல, கிருமி. மொதல்ல கிருமிக்குத் தர்றேன். ரெண்டு நாள் பாக்கலாம்."

ரிப்பனுக்கு ரெண்டு நாள் இல்லை. எனக்கு அது தெரியும். அவர் கை தவறான மருந்தை எடுத்துக்கொண்டிருந்தது. என் காதில் இரத்தம் இரைந்தது. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்த நாட்களெல்லாம் அப்படித்தான் இரையும்.

"ஸ்மெல்ட்," என்றேன்.

"கேக்கல, சத்தமா."

"ஸ்மெல்ட் குடுத்தேன். பச்சையா. மே மாசத்துலேருந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ. வேற எதுவும் குடுக்கல."

டாக்டர் திரும்பினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "வேற எதுவுமே?"

"இல்ல. பி-ஒன் போயிருக்கும்."

"தெரிஞ்சு குடுத்தீங்களா, இப்பத்தான் தெரிஞ்சுதா?"

ஹெல்மி என் பக்கத்தில் நின்றாள். அவள் சட்டையிலிருந்து புகைமீன் வாசனை வந்தது. டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"தெரிஞ்சுதான்," என்றேன்.

டாக்டர் அலமாரிக்கே திரும்பினார். கையிலிருந்த மருந்தை வைத்துவிட்டு வேறொரு புட்டியை எடுத்தார். பாம்பின் முதுகோரத் தசையில் மிகச் சிறிய ஊசியைச் செலுத்தினார். "இந்த ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு இப்பிடி வரும்," என்றார், ஊசியைப் பார்த்துக்கொண்டே. "எல்லா வீட்டு உறைபெட்டியிலயும் ஸ்மெல்ட் இருக்கு. ஆனா தெரிஞ்சு குடுத்தவங்க இதுவரைக்கும் வந்ததில்ல." பிறகு, "நாலு நாள் கொண்டுவாங்க. பொழச்சா, ஸ்மெல்ட் வாசனையே அது பக்கம் போகக்கூடாது," என்றார்.

வண்டி நிறுத்தும் இடத்தில் ஹெல்மி நடையை நிறுத்தினாள். அழுகை நின்றிருந்தது.

"பாலத்துல பதினேழு நிமிஷம் இருந்தோம்," என்றாள்.

"ஆமா."

"நான் அழுதுக்கிட்டிருந்தேன்."

"ஆமா."

"அவங்க சரியான ஊசிய எடுத்திருந்தா நீ சொல்லியிருப்பியா?"

யோசித்தேன். அவளிடம் பொய் சொல்ல இன்னொரு முறை மனம் வரவில்லை. "தெரியல," என்றேன்.

"எதுக்குடி? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான்."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனாள்.

நான்கு நாள் வேலையிலிருந்து நேரே டாக்டரிடம் போனேன். இரண்டாம் நாள் நடுக்கம் குறைந்தது. மூன்றாம் நாள் மல்லாக்க வைத்தால் மெதுவாகத் திரும்பியது. தலைச் சாய்வு மட்டும் போகவில்லை, அது அப்படியே இருந்துவிடலாம் என்றார் டாக்டர். உறைபெட்டியில் மிச்சமிருந்த ஏழு பை ஸ்மெல்ட்டையும் எடுத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

இனி புழுவுக்குள் வைட்டமின் பொடி வைத்துக் கொடுக்க வேண்டும், பிறகு எலிக்குஞ்சுக்கு மாற்ற வேண்டும். நான் இடுக்கியில் நீட்டினேன். ரிப்பன் சாய்ந்த தலையை என் பக்கம் திருப்பி, நாக்கை ஒரு முறை நீட்டி, மரப்பட்டைக்கு அடியில் போனது. விரலில் நீட்டினேன். வரவில்லை. ஆறு நாள் ஆனது. முதுகெலும்பு கோடாகத் தெரியத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் போனால் குழாய் வைத்து ஊட்ட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்காது என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார்.

அந்த ஆறு நாளும் ஹெல்மி என் அறைப் பக்கம் வரவில்லை. அடுக்களையில் எதிர்ப்பட்டால் பால் இருக்கிறது, குப்பை போட வேண்டும் என்ற அளவுக்குப் பேசினாள். தோழிகள் யாரும் வரவில்லை. வீடு எனக்கு வேண்டியபடி அமைதியாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் அவள் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது. நான் போய் நடையில் நின்றேன். யாரிடமும் எதையும் கேட்டுப் போய் நிற்பது எனக்கு வராது. வெறும் கையோடு நின்றேன்.

"தின்ன மாட்டேங்குது," என்றேன்.

அவள் பூட்ஸ் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாள்?"

"ஆறு."

"இப்ப நான் வரணும்."

"ஆமா."

"மீன் வாசனைக்காக."

"ஆமா." பிறகு, "கடையில ஸ்மெல்ட் வருதா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஏரி டிரவுட்தான்." அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். "அது பரவால்லியா? பாத்தியா அத, படிச்சியா?"

"பாத்தேன். பரவால்ல. வாசனைதான, மீன் குடுக்கல."

"இந்தத் தடவ நெசமா படிச்சியா?"

"பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். பழக்கத்தில் குழாயைத் திறக்கப் போய், நிறுத்தி, தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள்.

"கை கழுவட்டுமா, வேணாமா?"

"கழுவாத."

என் அறைக்குள் வந்தாள். பொடி வைத்த புழுத் துண்டை நான் தட்டில் நீட்டினேன். அவள் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குளிரில் கையைத் தேய்த்துக்கொள்வது போல மெல்ல உருட்டினாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீ குடு."

வாங்கி நீட்டினேன். ரிப்பன் வந்தது. சாய்ந்த தலையோடு, கொஞ்சம் இடறி, புழுவை விட்டுவிட்டு, என் விரலைத் தாண்டி, தொட்டி விளிம்பில் ஊன்றியிருந்த ஹெல்மியின் கையை நோக்கிப் போனது. நாக்கு அவள் மணிக்கட்டில் ஓடியது.

"இங்க இல்லடி லூசு," என்றாள் ஹெல்மி அதனிடம். "அங்க."

அவள் கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். "இரு," என்றேன். என் கையிலிருந்த புழுவை அவள் விரலிடுக்கில் வைத்தேன். முதல் முறை குறி தவறியது. இரண்டாம் முறையும். மூன்றாம் முறை கவ்வியது.

அது விழுங்கி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடிவயிற்றில் அந்தச் சூடு வந்தது, அதே இடத்தில், அதே அளவு. நான் அசையவில்லை.

"இன்னொண்ணு இருக்கா?" என்றாள் ஹெல்மி, என்னைப் பார்க்காமல்.

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.